அடுத்த கார்டு வரட்டும்

சீட்டாடிக் கெட்டவர்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆடாமலே கெட்டவர்களைப் பற்றி யாராவது உங்களுக்குச் சொன்னதுண்டா? சொல்கிறேன், நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். இவர்கள் வாங்குவதும் கார்டுதான். ஆனால் கையில் விசிறிபோல் பிரித்துப் பிடிக்கிற கார்டு இல்லை. விசிறி அந்தக் கார்டிலேயே இருக்கும், இரண்டோ மூன்றோ. கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் செங்கல் கனத்தில் உட்கார்ந்துகொண்டு, திரையில் ஓடும் விளையாட்டுக்குப் படம் வரைந்து தருகிற கிராபிக்ஸ் கார்டு அது. அதை வாங்குகிறவரைக் கண்டுபிடிக்க நீங்கள் அவருடைய வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. கல்யாண வீடோ, ஆஸ்பத்திரி வராந்தாவோ, எங்கேயாவது நின்றுகொண்டு, "ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம்னு இருக்கேன்" என்று காற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வருவார். உங்கள் தோளில் கை வைப்பார். குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"இப்ப வாங்காதீங்க. கொஞ்சம் பொறுங்க. அடுத்தது வருது."

அவர்தான்.

அடுத்தது வந்த பிறகு அவரிடம் போனால், "இது சும்மா பேருக்கு விட்டது. இதுக்கு அடுத்ததுதான் நிஜமான அடுத்தது" என்பார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று பெரியவர்கள் சொன்னது உண்மையானால், இந்நேரம் பூமி இவர்கள் கையில் இருந்திருக்க வேண்டும். இருப்பது என்னவோ அலமாரி மேல் அடுக்கிய காலி அட்டைப்பெட்டிகள். பெட்டியை எறியக் கூடாது. மறுபடி விற்கும்போது வேண்டுமாம்.

சரி, கார்டு வாங்குவதில்தான் இவ்வளவு பொறுமை. விளையாட்டு வாங்குவதில்? அங்கே பொறுமையின் நிழல்கூட விழாது. ஆஃபர் போட்டுவிட்டான் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், பந்தியில் இலை போட்டுவிட்டதாகச் சேதி வந்ததுபோல் ஓடுவார்கள். வாள் சண்டை, கார் பந்தயம், விவசாயம், விண்வெளியில் விவசாயம், ஆடு ஒன்று ஊரைச் சுற்றி வருவது, எதையும் விடுவதில்லை. "எதுக்குங்க இத்தனை?" என்று வீட்டில் கேட்டால், "வாங்காம இருந்திருந்தா எவ்வளவு நஷ்டம் தெரியுமா?" என்று பதில் வரும். செலவு செய்து மிச்சம் பிடிக்கிற இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்களோ!

வாங்கியதை ஆடுவார்களா என்று கேட்காதீர்கள். திறப்பார்கள். திறந்ததும் ஒரு பழைய கோட்டை. உள்ளே கிழ ராஜா மரணப் படுக்கையில் கிடக்கிறார். நாட்டைப் பகைவர்கள் சூழ்ந்துவிட்டார்கள். ஒரே மகள் சிறையில். ராஜா நடுங்கும் கையை நீட்டி, "வீரனே, நேரமில்லை..." என்று ஆரம்பிக்கிறார். கல்லும் கரையும் காட்சி. நம் ஆளும் உருகித்தான் போகிறார். ஆனால் அவர் பார்ப்பது ராஜாவின் தாடியை. செட்டிங்ஸுக்குப் போய் ஒன்றைக் கூட்டுகிறார், இன்னொன்றைக் குறைக்கிறார், திரும்பி வந்து தாடியில் முடி இழை இழையாகத் தெரிகிறதா என்று உற்றுப் பார்க்கிறார். தெரிகிறது. திரையின் மூலையில் ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கிறது. நொடிக்கு எத்தனை படம் வரைகிறது கார்டு என்று சொல்லும் எண் அது. அந்த எண்ணும் திருப்தியாக இருக்கிறது. மூடிவிடுகிறார்.

ராஜா இன்னும் சாகவில்லை. பாவம், அவரால் சாகவும் முடியவில்லை.

இந்த இனத்தில் ஒருவரை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண் பரிசோதனையும் அவரே. காலையிலிருந்து மாலைவரை இருட்டறையில் மனிதர்களை உட்கார வைத்து, மூக்கின்மேல் கனமான இரும்புச் சட்டத்தை மாட்டி, கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா? இல்ல, இது தெளிவா? முதலாவதா, ரெண்டாவதா?" என்று கேட்பதுதான் தொழில். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், யாரோ இரண்டு கார்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டும் வீடியோ. இடது பக்கம் ஒரு சுவரில் மழை பெய்யும். வலது பக்கம் அதே சுவரில் அதே மழை பெய்யும். நம் கண்ணாடிக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். தன்னைக் கேட்க ஆளில்லாததால் மனைவியைக் கூப்பிட்டுத் தானே கேட்பார்.

"முதலாவதா, ரெண்டாவதா?"

"ரெண்டும் மழைதாங்க."

"நல்லாப் பாரு. ரெண்டாவதுல துளி உடையறது தெரியல?"

"எனக்குத் தெரியறது துணி காயலேங்கறதுதான்."

"நாளைக்குக் கடைக்கு வா. உனக்குக் கண்ணு பாக்கணும்."

மனைவி மருந்துக் கடையில் மருந்தாளர். பல கிளைகள் உள்ள பெரிய கடை. யார் எதை வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பிடாமல் வைத்திருப்பார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடும் அனுபவம் உள்ளவள். கல்யாணத்துக்கு முன்னால் அதைக் கொஞ்சம் பயன்படுத்தியிருக்கலாம்.

இவர்கள் கதையில் ஒரு படகு உண்டு. கல்யாணமான புதிதில், இருவருமாகச் சேர்ந்து ஆசை ஆசையாய் ஒரு விளையாட்டு வாங்கினார்கள். இரண்டு பேர் ஆட வேண்டியது. வெள்ளம் புரளும் ஓர் ஆறு, ஒரு படகு, ஆளுக்கொரு துடுப்பு. இடது துடுப்பு ஒருவர் கையில், வலது மற்றவர் கையில். ஒருவர் அவசரப்பட்டால் சுற்றும், ஒருவர் அசந்தால் கவிழும். எதிர்க்கரையில் விளக்கெரியும் ஒரு வீடு தெரியும். அங்கே போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான்.

அட்டைப் படத்தைப் பார்த்து, "இன்னைக்கே ஆடலாமா?" என்று கேட்டாள் புது மனைவி.

"ஆடலாம். ஆனா இந்தக் கார்டுல வேண்டாம். தண்ணி ஆட்டம். தண்ணி தண்ணியாத் தெரியணும். உனக்கு முதல் தடவையே நல்லபடியா காட்டணும்."

என்ன பாசம்! அவள் கன்னம் சிவந்துபோயிற்று. அடுத்த கார்டு வந்தது. அதற்குள் மானிட்டர் பழசாகிவிட்டது. மானிட்டர் வந்தது. அதற்குள் அந்த விளையாட்டைச் செய்தவர்கள் தண்ணீரை மேலும் அழகாக்கப் போவதாக அறிவித்தார்கள். காத்திருந்தார்கள். தண்ணீர் அழகானது. அந்த அழகுக்குக் கார்டு போதவில்லை. வாடகை வீடு மாறியது, திரைச்சீலை சாயம் போயிற்று, இருவருக்கும் காதோரம் நரை எட்டிப் பார்த்தது. படகு மட்டும் கட்டின கயிறு அவிழாமல் கரையிலேயே நின்றது.

அப்போதுதான் மனைவிக்குப் பதவி உயர்வு வந்தது. வேறு ஊரில் புதுக் கிளை, அதற்கு இவள்தான் பொறுப்பு. ஏறினால் ஒரு முழுப் பகல் ரயில். ஒரு வருஷமாவது அங்கே இருக்க வேண்டும். கண்ணாடிக் கடையைத் தூக்கிக்கொண்டு இவர் பின்னால் போக முடியாது. அந்த மாதம் முடிந்து முதல் திங்கட்கிழமை காலையில் அவள் கிளம்ப வேண்டும் என்று ஆனது.

"என்னங்க, எனக்கு ஒண்ணும் வேண்டாம். போறதுக்குள்ள அந்தப் படகுல ஒரு தடவை ஏறிடலாமா?"

கேட்டபோது அவள் குரல் லேசாக இடறியது. அவர் நெஞ்சும் இளகியது.

"என்ன பேச்சு இது! ஏறாம விடுவேனா?"

"இந்த ஞாயித்துக்கிழமை?"

"இந்த ஞாயித்துக்கிழமை..." அவர் முகத்தில் கவலை படர்ந்தது. "கார்டுக்கு உடம்பு சரியில்ல."

உண்மைதான். சுவருக்குப் பெயின்ட் அடிக்க மேஜையை நகர்த்தி, ஒயர்களைப் பிடுங்கி, பெயின்ட் காய்ந்ததும் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்து மாட்டியதிலிருந்து, எதை ஆடினாலும் திக்கித் திணறி ஓடியது. மூலையில் ஓடும் அந்த எண், ஜுரம் விட்ட உடம்பு மாதிரி கீழே கிடந்தது. அவர் உடனே தன் வாட்ஸப் குழுவைக் கூட்டினார். கார்டுக் கிறுக்கர்கள் கூடும் சபை அது. அங்கே பச்சைக் கட்சி, சிவப்புக் கட்சி என்று இரண்டு உண்டு. எந்த நிறக் கம்பெனியின் கார்டு உசத்தி என்பதில் சம்பந்தி சண்டையைவிட உக்கிரமாகச் சண்டை நடக்கும். கட்சி எதுவானாலும், வைத்தியம் மட்டும் அவரவர் தொழிலிலிருந்துதான்.

"வயசாயிடுச்சு. ஆட ஆரம்பிச்சா அவ்வளவுதான். பிடுங்கிட்டுப் புதுசு வைங்க" என்றார் பல் டாக்டர்.

"லோடு தாங்கல. அதான் நடுவுல நிக்குது" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் கணக்கு வாத்தியார். அவர் என்றைக்குமே அதைத்தான் சொல்வார்.

தீர்ப்பு ஒருமனதாக வந்துவிட்டது. பழைய கார்டைக் கழற்றி மடியில் வைத்துத் தூரிகையால் தூசி தட்டியபோது கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு உழைச்சது!" என்றார். எதற்கு உழைத்தது? ஒரு கிழவரின் தாடியை வரைந்தது. அதை அவர் மனைவியின் தம்பிக்குக் கொடுத்தார். தம்பி வேன் ஓட்டுகிறவன். கிடைத்ததை ஆடி, முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் நாகரிகமில்லாத பிறவி. இரண்டாம் நாளே போன் செய்தான்.

"அத்தான், நீங்க குடுத்த கார்டு சும்மா பறக்குது! என்ன அத்தான், இதைப் போய்த் தூக்கிக் குடுத்திருக்கீங்க?"

போனை வைத்துவிட்டுக் கண்ணாடிக்காரர் மனைவியிடம் சொன்னார்: "பாவம், அவன் கண்ணுக்கு அதுவே பறக்கற மாதிரி தெரியுது. ஒருநாள் அவனையும் கடைக்கு வரச் சொல்லணும்."

பிறகு புதுக் கார்டு தேடும் படலம். பெண் பார்க்கப் போகிறவர்களாவது பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு ஒரு பதில் சொல்லிவிட்டு வருவார்கள். இவர் ஒவ்வொரு கார்டையும் பார்த்தார், அதன் அக்காவைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், மூன்று விசிறிக்காரியா இரண்டு விசிறிக்காரியா என்று யோசித்தார், உயரம் பெட்டிக்குள் அடங்குமா என்று டேப் வைத்து அளந்தார், முன்பின் தெரியாதவர்கள் எழுதிய அபிப்பிராயங்களைப் படித்து முன்பின் தெரியாதவர்களோடு சண்டை போட்டார், வாங்கலாம் என்று விரலை வைத்துவிட்டு அடுத்தது வருமோ என்று விரலை எடுத்தார். அந்த மாதம் அப்படியே கரைந்தது. மனைவி கிளம்பும் மாதம். சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்தவளிடம் அவர் பேசியதெல்லாம் கார்டு. அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "உனக்காகத்தான் இவ்வளவு பாக்கறேன்" என்று நடுநடுவே அவர் சொன்னது பொய்யும் இல்லை. அதுதான் பரிதாபம்.

கார்டு சனிக்கிழமை வந்து சேர்ந்தது. அப்போது மனைவி ஸ்டூலில் ஏறி அலமாரி மேலிருந்து தன் சூட்கேஸை எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். இழுத்ததும் அதன்மேல் இருந்த காலி அட்டைப்பெட்டிகள் ஒவ்வொன்றாக அவள் தலையில் விழுந்தன.

"பாத்து, பாத்து!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தார். வந்து பெட்டிகளைப் பொறுக்கினார். "மூலை நசுங்கிடப் போகுது."

புதுப் பெட்டி திறப்பு விழாவை வர்ணிக்க எனக்குத் தெம்பில்லை. கத்தி கொண்டு ஒட்டுநாடாவை அறுத்த நிதானம், நுரைப்பஞ்சைக் கிழியாமல் எடுத்த பதம், பிளாஸ்டிக் உறையை உரிக்கும்போது மூச்சை அடக்கிய பக்தி! பழைய கார்டு இருந்த இடத்தில் புதியதைச் சொருகினார். மேஜையைச் சுவரோடு தள்ளினார். சுவிட்சைத் தட்டினார். படம் வந்தது.

"பாத்தியா? பாத்தியா வித்தியாசத்தை! நிறமே வேற! பழசுல இந்தப் பச்சை வரவே வராது. வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகுது பாரு!"

அதற்குப் பிறகுதான் மூலையில் ஓடும் எண்ணைப் பார்த்தார்.

அது ஓர் அங்குலம்கூட அசையவில்லை. பழைய கார்டுக்கு என்ன வந்ததோ அதேதான் வந்தது. கண்ணாடிக்காரரின் முகம் வெளிறிப்போயிற்று. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். கார்டைக் கழற்றி ஊதி மாட்டினார். மறுபடியும் அதே. கார்டில் கோளாறு என்றார், இல்லை பவர் சப்ளையில் கோளாறு என்றார், பிராசஸர் கிழடு தட்டிவிட்டது என்றார், வீட்டுக்கு வரும் கரண்ட் சுத்தமில்லை என்றார், ஃபிரிட்ஜை அணைக்கச் சொன்னார், அறை சூடு என்று ஜன்னலைத் திறந்தார், தூசி வருகிறது என்று சாத்தினார், மனைவி தேய்த்துக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியைச் சந்தேகத்தோடு பார்த்தார். குழு விடிய விடிய விவாதித்தது. பச்சைக் கட்சி சிவப்பைத் திட்டியது. சிவப்பு பச்சையைத் திட்டியது. யாரும் எளிமையாக ஒரு கேள்வி கேட்கவில்லை. எளிமையான கேள்வி கேட்டால் புதியவன் என்று நினைத்துவிடுவார்களே!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டி முடித்த சூட்கேஸ் வாசல் பக்கம் நின்றது. மனைவி ஆட்டத்துக்கான கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்காரர் புதுக் கார்டை நுரைப்பஞ்சில் மறுபடி படுக்க வைப்பதற்காகப் பெட்டியை எடுத்து வந்தார்.

"திருப்பி அனுப்பிடறேன். வேற மாத்தித் தருவான். ஒரு பத்து நாள்ல வந்துடும்."

"நான் நாளைக்குக் காலையில போறேங்க."

"தெரியும். அடுத்த தடவை நீ வரும்போது..."

"மெதுவா ஓடினா என்ன? நாம துடுப்பையும் மெதுவாப் போட்டுட்டுப் போறோம்."

"நீ அதை முதல் தடவை பாக்கறப்போ குறையில்லாம இருக்கணும். உனக்காகத்தானே நான்..."

"எனக்காக, எனக்காக!" அவள் சத்தம் போடவில்லை. அதனால்தான் அவர் நிமிர்ந்து பார்த்தார். "எனக்காகன்னு சொல்லியே இத்தனை வருஷமா என்னைக் கரையிலேயே நிக்க வச்சிட்டீங்க. நான் தண்ணியவா பாக்கணும்னு கேட்டேன்? பக்கத்துல நீங்க உக்காந்து ஒரு துடுப்புப் போடணும்னு கேட்டேன். அதுக்கு எந்தக் கார்டு வேணும்?"

அவர் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தன் போன் சார்ஜரைச் சூட்கேஸில் வைக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்து, அதைப் பிடுங்குவதற்காக மேஜைக்குப் பின்னால் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"ஏங்க."

"சொல்லு."

"புதுக் கார்டு கம்ப்யூட்டர்ல கீழ்ப்பக்கம்தானே இருக்கு?"

"ஆமா."

"அப்ப மானிட்டர் ஒயர் ஏன் மேல இருக்கற ஓட்டையில போகுது? கீழ ஒண்ணுமே மாட்டலையே. எல்லா ஓட்டையும் ரப்பர் மூடியோட சும்மா கிடக்கு."

அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரின் முதுகில் மானிட்டர் ஒயரை மாட்ட இரண்டு இடம் இருக்கும். மேலே இருப்பது கம்ப்யூட்டரோடு சும்மா வருவது. கடிதம் எழுத, கணக்குப் பார்க்கப் போதும். கீழே இருப்பதுதான் கார்டுக்குச் சொந்தம். மேலே மாட்டினாலும் படம் வரும், அதுதான் விபரீதம். வராமல் இருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கார்டு உள்ளே மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி விசிறிக்காற்றில் சும்மா உட்கார்ந்திருக்க, வேலையெல்லாம் வேறொருவர் செய்துகொண்டிருப்பார். பெயின்ட் அடித்த அன்று இவர் மேலே மாட்டினார். பழைய கார்டைக் கழற்றினார், புதியதைச் சொருகினார், ஒயரை மட்டும் தொடவில்லை. ஒயரைப் பற்றி எந்த வீடியோவிலும் யாரும் ஒப்பிட்டுக் காட்டுவதில்லை.

கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவர்.

"வெண்ணெய்னு சொன்னீங்களே" என்றாள் மனைவி மெல்ல.

அவர் கையிலிருந்த பெட்டியை மெல்லக் கீழே வைத்தார்.

"பழசுல இந்தப் பச்சை வரவே வராதுன்னீங்களே."

"விடேன்."

"எங்க கடைக்கும் இப்படி ஒருத்தர் வருவார். மாத்திரையைப் பிரிக்காமலே பாக்கெட்டுல வச்சுக்கிட்டு, இது கேக்கல, இன்னும் கடுசா குடுங்கன்னு கேப்பார். நானும் அவரைப் பாத்துச் சிரிச்சிருக்கேன். நம்ம வீட்டுலேயே ஒருத்தர் இருக்கார்னு தெரியாமப் போச்சு!"

சொல்லிவிட்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அழுகையில் முட்டி, அழுகை சிரிப்பில் முட்டி, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிக்காரர் பக்கத்தில் மண்டியிட்டார். அந்த நிமிஷத்தில் அவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மன்னித்துவிடு என்றா? உன்னைப் பிரிந்து எப்படி இருப்பேன் என்றா?

"குழுவுல யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார்.

"சொல்ல மாட்டேன். ஒயரை மாத்துங்க. மாத்திட்டு உக்காருங்க. செட்டிங்ஸ் பக்கம் கை போச்சுன்னா அந்தப் பல் டாக்டருக்கு நானே போன் பண்ணுவேன்."

மிரட்டல் பலித்தது. ஒயர் மாறியது. கைப்பையிலிருந்து மருந்துப் புட்டியில் ஒட்டும் சீட்டு ஒன்றை எடுத்து, மூலையில் ஓடும் எண்ணின் மேல் ஒட்டினாள். 'நன்றாகக் குலுக்கிய பின் அருந்தவும்' என்று அதில் இருந்தது. இருவரும் உட்கார்ந்தார்கள். ஆறு விரிந்தது. இவ்வளவு வருஷம் கட்டிக் கிடந்த படகு அவிழ்ந்தது.

"அடடா! தண்ணியில மேகம் தெரியுது பாரு!"

"துடுப்பு!"

"அலை உடையற இடத்துல நுரை..."

"துடுப்புப் போடுங்கன்னா!"

கவிழ்ந்தது. மறுபடி ஏறினார்கள். இந்தத் தடவை படகின் மரத்தில் ஈரம் ஊறியிருக்கிறதா என்று பார்த்தார். கவிழ்ந்தது. மறுபடி. கரையோரப் புல் தனித்தனியாக அசைந்தது, அதற்கும் ஒரு முறை மூழ்கினார்கள். அவள் சலிக்கவே இல்லை. "இடது... இப்ப வலது... இடது..." என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எப்போது என்று தெரியவில்லை, அவரும் கூடச் சொல்ல ஆரம்பித்திருந்தார். மேகத்தை மறந்தார். நுரையை மறந்தார். சுழல் ஒன்று வந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் "ஐயோ!" என்றார்கள், ஒரே நேரத்தில் இழுத்தார்கள், தாண்டினார்கள். அவள் தோள் அவர் தோளில் இடித்தது. அவர் நகர்ந்துகொள்ளவில்லை. நடு ஆற்றுத் தீவில் போய்ப் படகு நின்றபோது ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கியிருந்தது. விளக்கெரியும் வீடு இன்னும் அக்கரையில்தான் இருந்தது.

மறுநாள் ரயில் நிலையத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மீதி ஆத்தை ஞாயித்துக்கிழமை கடந்துடலாம்" என்றாள் அவள். "நான் அங்கேருந்து, நீங்க இங்கேருந்து, நெட்டுலயே. ஆளுக்கொரு துடுப்பு. சரியா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். வண்டி நகர்ந்தது. கூடவே நடந்தார். வேகம் பிடித்தது. கூடவே ஓடினார். அவள் கை நீட்டினாள், அவர் விரல் நுனியைத் தொட்டார், பிளாட்பாரம் முடியப் போகிறது, மனசில் இருந்ததெல்லாம் கத்தலாக வெளியே வந்தது:

"உன் லேப்டாப்புல ஆடிடாதே! அது தாங்காது! கொஞ்சம் பொறு... அடுத்தது வருது!"

அவள் ஜன்னலை இறக்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை போன் வந்தது. கண்ணாடிக்காரர் லேப்டாப்புகளை ஒப்பிடும் வீடியோவில் மூழ்கியிருந்தார்.

"நான் படகுல ஏறிட்டேன். வரீங்களா?"

"எதுல ஏறின? அந்தப் பழைய லேப்டாப்புலயா? அதுல நொடிக்கு எத்தனை ஃபிரேம் வருது?"

"ஒரு ஆள் குறையுது. அது மட்டும்தான் இங்கே தெரியுது. நீங்க வரலேன்னா தம்பியைக் கூப்பிட்டுக்கறேன்."

வந்தார். வேறென்ன செய்வார்? நுரைப்பஞ்சு, பச்சைக் கட்சி, அடுத்த கார்டு எல்லாவற்றையும் ஒரு துடுப்பு ஜெயித்துவிட்ட மாலை அது.

"தண்ணி எப்படித் தெரியுது?" என்று ஒரே ஒரு முறைதான் கேட்டார்.

"கட்டம் கட்டமா உடைஞ்சு தெரியுது. பரவாயில்ல, ஈரமா இருக்கு. இடது போடுங்க."

போட்டார்கள். கரை சேர்ந்தார்கள். விளக்கெரிந்த வீட்டின் கதவு திறந்தது. போனில் அவள் கூவியது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். இவரும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கைதட்டினார், யாருமில்லாத அறையில். சுபம் என்று போட்டு முடித்துவிடலாம். ஆனால் அந்த வீட்டின் பின்கதவு வழியாகப் பார்த்தால் இன்னும் பெரிதாக இரண்டாவது ஆறு ஒன்று தெரிந்தது. அதில் மழையும் பெய்துகொண்டிருந்தது.

"மழையா..." என்றார் கண்ணாடிக்காரர், யோசனையோடு.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. இந்தக் கார்டு இதுக்குப் போதுமான்னு..."

போன் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

சிரிக்கிறீர்கள். நல்லது. எனக்குக் கார்டும் தெரியாது, விளையாட்டும் தெரியாது, இது என்னைப் பற்றியதல்ல என்று நிம்மதியாகக் காலை நீட்டிக்கொள்கிறீர்கள். அதுவும் நல்லது. போகிற போக்கில் சும்மா ஒன்று கேட்கிறேன். நடைப்பயிற்சிக்கென்று வாங்கிய அந்த ஷூ பெட்டியில்தானே இருக்கிறது? காலம் கொஞ்சம் குளுமையாகட்டும் என்று? விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்த கண்ணாடிக் கோப்பைகள்? பெரிய வீட்டுக்குப் போன பிறகு நண்பர்களைக் கூப்பிடலாம் என்றீர்களே, நண்பர்கள் எல்லோரும் சௌக்கியமா? அம்மாவிடம் சாவகாசமாக ஒருநாள் உட்கார்ந்து பேச வேண்டும் என்றீர்களே, அந்தச் சாவகாசம் எந்த மாதம் வெளிவருகிறது?

கோபம் வேண்டாம். "நேரம் வரட்டும், பார்க்கலாம்" என்று இப்போது உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதே, யார் அது? தோளில் கை வைத்திருக்கிறாரா பாருங்கள்.